ஓடாது என்று சொன்னவன்

தொழில் தொடங்கலாமா என்று யோசனை கேட்டு வந்த ஒரு புருஷன் பெண்சாதியிடம் நான் பொய் சொன்னேன். அவர்கள் தைத்துக் கொண்டுவந்து காட்டிய சரக்கு ஓடாது என்று சொன்னேன். ஓடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

இதைச் சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்தேன். முடியவில்லை. சொல்லச் சொல்ல என் பக்கத்து நியாயங்கள்தாம் பெருகின. அதனால் முதலிலேயே போட்டு உடைத்துவிட்டேன்.

நீங்கள் என்னை அறிந்திருக்கக்கூடும். திருப்பூரில் புதிதாகப் பனியன் கம்பெனி போட நினைக்கிறவர்களிடம், "அவரை ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு இறங்கு" என்று யாராவது சொல்வார்கள். அந்த 'அவர்' நான்தான். நீங்களே என் எதிரில் வந்து உட்கார்ந்திருக்கலாம். நான் காப்பி வரவழைத்திருப்பேன். நூல் விலை ஏறும்போது பயந்துகொண்டு வாங்கிக் குவிக்காதே, ஒரே வியாபாரியை நம்பி மொத்தச் சரக்கையும் கொடுக்காதே, வீட்டுச் செலவையும் கம்பெனிச் செலவையும் ஒரே பையிலிருந்து எடுக்காதே... இப்படி ஏதேதோ சொல்லி அனுப்பியிருப்பேன். வாசல்வரை வந்து தோளில் தட்டிக்கூடக் கொடுத்திருப்பேன்.

அந்த யோசனைகளில் பிழை இல்லை. அவற்றை நம்பி நீங்கள் நடக்கலாம். பிழை எல்லாம் சொன்னவனிடம்!

உங்களுக்கெல்லாம் மெய்யைச் சொன்ன இந்த வாய், மெய்யைச் சொல்லியே ஆகவேண்டிய ஒரே ஒரு பொழுதில் ஏன் புரண்டது? இத்தனை வருஷமாக என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் நடந்தது அது.

கணியூர்ப் பக்கம் எங்கள் பங்குக்கு வந்த விவசாயக் காட்டை விற்றுவிட்டு, மனைவி ருக்மணியையும் அழைத்துக்கொண்டு திருப்பூருக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஒரு நீளமான ஓட்டுவீடு வாடகைக்குக் கிடைத்தது. பின்பக்கம் பனியன் துணி நெய்யும் மெஷின்கள், நடுவில் வெட்டுவதும் தைப்பதும், முன்னறையில் நானும் என் மேஜையும். அந்த அறையை ஒட்டிய சமையற்கட்டில் ருக்மணி. கம்பெனி என்று சொல்லிக்கொண்டோம். மெஷின் ஓடும்போது அடுப்பிலிருக்கும் பாத்திரம்கூட அதிரும்!

என்னிடம் தையல் வேலை பார்த்தவர்களில் ஆறுமுகம் தலையாயவன். நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. கிருத்திகை தவறாமல் விரதம் இருப்பான். அதிகம் பேசமாட்டான். அவன் தைத்த பனியனைத் திருப்பிப் பார்த்தால் எது உள்பக்கம், எது வெளிப்பக்கம் என்று சற்று நிதானித்துத்தான் சொல்ல வேண்டும், அத்தனை சுத்தம். கல்கத்தா வியாபாரிகள் என் சரக்கைத் தேடி எடுத்ததற்கு அவன் கைதான் காரணம் என்பதை நான் அறிவேன். அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் அவன் தன் மதிப்பைத் தெரிந்துகொள்வானே!

பாருங்கள்... பொய் சொல்வதற்கு முன்பே நான் இப்படித்தான் இருந்திருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் ஆறுமுகம் தன் மனைவி தெய்வாத்தாளோடு வந்தான். அவள் இடுப்பில் கைக்குழந்தை, பெண். வெயில் காலம். குழந்தையின் தலை முழுக்கக் கட்டிகள் பழுத்துச் சிவந்திருந்தன.

ஆறுமுகம் கதவோரமே நின்றான். பேசியவள் அவள்.

"ஏனுங்கண்ணா, உங்களை ஒரு யோசனை கேக்கலாம்னு வந்தமுங்க."

"கேளு அம்மிணி. உக்காருங்க ரண்டு பேரும்."

அவள் உட்காரவில்லை. குழந்தை போட்டிருந்த சட்டையைக் காட்டினாள். பனியன் துணியில் தைத்த சின்னச் சட்டை. தலைவழியாக மாட்டுகிற மாதிரி இல்லை. முன்பக்கம் முழுக்கத் திறப்பு. இரண்டு இடத்தில் நாடா வைத்து முடிச்சுப் போட்டிருந்தது. அதேபோல இன்னொன்றை மடியிலிருந்து எடுத்து என் மேஜைமேல் விரித்தாள்.

"தலையில கட்டி வந்ததுல இருந்து சட்டையத் தலைவழியா போட்டாலே கத்துதுங்க. அதுதான் இப்பிடித் தெச்சேன். கம்பெனியில வெட்டிப் போடற துண்டு இருக்குது பாருங்க, நீங்க எடுத்துட்டுப் போகச் சொன்னீங்களே... அதுதானுங்க. பக்கத்தூட்டுல பாத்துட்டு அவங்களுக்கும் வேணும்னாங்க. தெருவுல நெம்பப் பேரு கேட்டாங்க. சந்தைக்கிட்டக் கடை வெச்சிருக்கறவரு, இன்னும் இருந்தாக் கொண்டாங்கன்னு சொன்னாருங்க."

ஆறுமுகம் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "பக்கத்து வீதியில ஒருத்தரு கம்பெனியை மூடிப்போட்டு ரண்டு தையல் மெஷினை விக்கறாருங்க. இவ நகையை வெச்சா வாங்கிப்போடலாங்க. இந்த வாரத்துக்குள்ள சொல்லச் சொல்றாரு. உங்களைக் கேக்காம எப்பிடீன்னு..."

நான் அந்தச் சட்டையைக் கையில் எடுத்தேன்.

அந்தக் கணத்தை எத்தனை முறை திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன்! துணியை விரலுக்கிடையில் வைத்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. குப்பைக்குப் போகிற துண்டு சரக்காகிறது. மெத்தென்ற துணி, பிள்ளையின் உடம்பை உறுத்தாது. குழந்தை பிறக்காத தெரு உண்டா? பிறந்த குழந்தை வளராமல் இருக்குமா? வளர்ந்தால் மறுபடி வாங்கத்தானே வேண்டும்! பெரிய பட்டணங்களில் இப்படி ஏதாவது இருந்திருக்கலாம். எங்கள் ஊரில் பெரியவர்களுக்கு மட்டுமே பனியன் போட்டுக்கொண்டிருந்தோம். இத்தனை கம்பெனிக்காரர்களில் ஒருவனுக்கும் தோன்றாதது, பிள்ளை அழுததனால் ஒரு தாய்க்குத் தோன்றிவிட்டது.

ஓடும். நிச்சயம் ஓடும். என் மனம் அதைத் தெளிவாகவே சொன்னது.

அடுத்த மூச்சிலேயே வேறொன்றும் சொன்னது. கல்கத்தாவின் துர்கா பூஜைக்கால ஆர்டர் கையில் இருக்கிறது. இவன் போனால் இவனோடு இன்னும் சிலர் போவார்கள். யார் தைப்பது? கல்கத்தாக்காரன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டால்?

இரண்டு எண்ணத்துக்கும் நடுவில் கண்ணிமைக்கும் நேரம்தான். அதற்குள் நான் தீர்மானித்துவிட்டேன்!

"ஓடாது அம்மிணி," என்றேன்.

அவள் முகம் மாறவில்லை. நான் இன்னும் ஏதோ சொல்வேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் சொன்னேன்.

"பச்சைப்புள்ளைக்கு ஆரு காசு குடுத்துத் துணி வாங்குவாங்க? பழைய வேட்டியக் கிழிச்சுச் சுத்தி விடுவாங்க. கடைக்காரன் இன்னைக்குக் கொண்டான்னுவான், நாளைக்கு அப்பிடியே திருப்பிக் குடுப்பான். நகையும் போயி, வார வாரம் வர்ற சம்பளமும் போயி நிக்கோணுமா?"

"காசு குடுத்துத்தானுங்க வாங்குனாங்க..." என்றாள் மெதுவாக.

"தெருவுல இருக்கறவங்க தாட்சண்யத்துக்கு வாங்குவாங்க. அது வேவாரமாகாது." பிறகு குரலைத் தணித்துக்கொண்டேன். கனிவாக! ஆமாம், கனிவாகத்தான் சொன்னேன்... "தொழில்ங்கிறது வேற அம்மிணி. அது உங்களுக்கு ஆகாது. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

சரக்கைப் பற்றி மட்டும் நான் பொய் சொல்லியிருந்தால் இத்தனை பாரம் இருந்திருக்காதோ என்னவோ. 'உங்களுக்கு ஆகாது' என்றேனே... அதை ஏன் சேர்த்தேன்? சரக்கு ஓடாது என்றால் வேறு சரக்கைத் தைத்துப் பார்ப்பார்கள். நீங்களே ஆகமாட்டீர்கள் என்றால்? அதோடு முடிந்தது. அது எனக்குத் தெரிந்தே இருந்தது.

"அண்ணன் சொன்னாச் சரியா இருக்குமுங்க," என்றான் ஆறுமுகம். அவன் குரலில் ஒரு நிம்மதிகூட இருந்தது. அவர்கள் போய்விட்டார்கள். மேஜைமேல் விரித்த சட்டையை அவள் எடுத்துக்கொள்ளவில்லை. நானும் கூப்பிட்டுக் கொடுக்கவில்லை.

சமையற்கட்டில் ருக்மணி இருந்தாள். அரைத்துக்கொண்டிருந்த சத்தம் நடுவில் நின்று, பிறகு மறுபடி கேட்டது.

அந்த வாரமே பக்கத்து வீதிக்குப் போய் அந்த இரண்டு மெஷின்களையும் நானே வாங்கினேன். ஏன்? எனக்கு மெஷின் தேவைதான். ஆனால் நிஜமான காரணம் அதுவல்ல. அவை அங்கேயே கிடந்தால் அவர்கள் மனம் மறுபடி அந்தப் பக்கம் போகும் அல்லவா! வாங்கி வந்த மெஷின் ஒன்றில் ஆறுமுகத்தையே உட்கார வைத்தேன். "நல்லா ஓடுதுங்க," என்றான் மிதித்துப் பார்த்துவிட்டு.

திருடவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இதை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். அந்தச் சட்டையை அலமாரியில் போட்டுவிட்டு, பூஜைக்காலச் சரக்கில் மூழ்கிப்போனேன்.

மழைக்காலம் வந்தது. வெளுத்த துணி காயாமல் வேலை தேங்கி நின்ற நாட்களில் பாலக்காட்டிலிருந்து ஒரு வியாபாரி வந்தார். எல்லாக் கம்பெனியிலும் ஒரே மாதிரி பனியன்தானா என்று சலித்துக்கொண்டார். புதுசாக எதையாவது காட்டினால் எடுத்துக்கொள்வேன் என்றார்.

என் கை தானாக அலமாரிக்குப் போயிற்று.

தானாக! எப்படி எழுதிவிட்டேன் பாருங்கள்... கை தானாகவா போகும்? நான்தான் போனேன். நான்தான் எடுத்தேன். நான்தான் அவர் முன்னால் விரித்தேன். அவர் அதைக் கையில் வாங்கி, நாடாவை அவிழ்த்து, முடிந்து, மறுபடி அவிழ்த்துப் பார்த்தார். சிரித்தார். ஒரு பெரிய ஆர்டரைச் சொல்லிவிட்டு ரயிலேறினார்.

மறுநாள் வெட்டிய துணியை ஆறுமுகத்தின் மெஷினுக்கருகில் வைத்தேன். வேறு யாரிடமாவது கொடுத்திருக்கலாம். ஆனால் அவனைப்போல் யார் தைப்பார்கள்? முதல் சரக்கு நன்றாகப் போகவேண்டுமே!

அவன் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஏனுங்கண்ணா, இது எங்கூட்டுக்காரி தெச்ச மாதிரியே இருக்குதுங்களே..."

"பாலக்காட்டு யாவாரி கொண்டாந்த மாடலு," என்றேன். "அவரு ஊருல கேக்கறாங்களாமா."

இரண்டாவது பொய். இது முதல் பொய்யைவிடச் சுலபமாக வந்தது.

அவன் என்ன செய்தான் தெரியுமா? சந்தேகப்பட்டிருந்தால், முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால், நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட நான் இன்றைக்கு இப்படி எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது!

"அப்பிடீங்களா! வெளியூருலயும் இப்பிடிப் போடறாங்களாக்கும்... எம்பட ஊட்டுக்காரி நெனச்சது ஒண்ணும் கிறுக்குத்தனம் இல்லீங்க பாத்துக்கங்க. போயிச் சொல்லோணும் அவகிட்ட."

சொன்னான். அவளும் வந்தாள், சில நாள் கழித்து. சண்டை போட வரவில்லை. நாடா வைத்துத் தைக்கிற இடம் பிரிந்து வருகிறதாமே என்று கேள்விப்பட்டு வந்திருந்தாள். உள்ளே மடித்து, இரட்டைத் தையல் போட்டு எப்படி வைக்கவேண்டும் என்று மற்றத் தையற்காரர்களுக்குக் காட்டிக்கொடுத்தாள். பிறகு வேலை கேட்டாள். நான் கொடுத்தேன். தன் கையால் கண்டுபிடித்த சட்டைக்கு, என் கம்பெனியில் வாரக்கூலிக்கு நாடா வைத்தாள் தெய்வாத்தாள்.

அதன் பிறகு என் தொழில் வளர்ந்த கதையை ஊர் அறியும். பனியன் விற்காத மாதங்களிலும் குழந்தைச் சட்டை விற்றது. மற்றக் கம்பெனிகள் அதைப் பார்த்துப் போட ஆரம்பிப்பதற்குள் நான் வெகுதூரம் போய்விட்டேன். வாடகை வீட்டை விட்டுச் சொந்தக் கட்டடம், அப்புறம் சொந்த வீடு. "எப்படி அண்ணா உங்களுக்கு அந்த யோசனை வந்துச்சு?" என்று கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். நான் யோசனை சொல்கிறவன் ஆனது அப்படித்தான்!

"கடைக்குப் போயி நில்லுங்க. வாங்கறவங்க எதைத் தேடறாங்கன்னு பாருங்க. அதுலதான் யோசனை வரும்," என்று சொல்வேன். நல்ல வார்த்தை. மெய்யான வார்த்தையும்கூட. ஆனால் நான் எந்தக் கடையிலும் போய் நின்றதில்லை...

புது வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று ஆறுமுகமும் தெய்வாத்தாளும் விடியற்காலையிலேயே வந்து பந்தி பரிமாறுவதுவரை ஒத்தாசை செய்தார்கள். எல்லோரும் போனபிறகு, வாசலில் வீட்டுக்கு என்ன பெயர் பொறிக்கலாம் என்று நான் பேச்செடுத்தேன். முருகன் பெயராக இருக்கட்டும் என்றேன்.

ருக்மணி வெற்றிலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், "நாயமாப் பாத்தா அந்தத் தெய்வாத்தா பேரத்தான் வெக்கோணும்," என்றாள்.

அவ்வளவுதான். அதற்கு முன்பும் பேசவில்லை, அதற்குப் பின்பும் பேசவில்லை. அரைக்கிற சத்தம் அன்றைக்கு நடுவில் நின்றதே... அவள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். இத்தனை வருஷம் என்னோடு சோறு உண்டு, என் பிள்ளைகளைப் பெற்று வளர்த்துக்கொண்டே அதை வைத்திருந்திருக்கிறாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

ஆறுமுகம் காமாலையில் இறந்தான். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன், பலிக்கவில்லை. காரியங்களை எல்லாம் நானே முன்னின்று செய்தேன். சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது பின்னால் யாரோ சொன்னார்கள்: "மொதலாளின்னா இப்பிடியல்ல இருக்கோணும்!" அதைக் கேட்டு என் காதுகள் எரிந்தன. எரிந்தனவே தவிர, நான் திரும்பி எதுவும் சொன்னேனா? இல்லை. அந்தப் புகழையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

இப்போது சொல்லப்போவது சமீபத்தில் நடந்தது.

தெய்வாத்தாள் ஒருநாள் வேலை நேரத்தில் என் அறைக்கு வந்தாள். தலை நரைத்துவிட்டது. கதவைச் சாத்திவிட்டு நின்றாள்.

"ஏனுங்கண்ணா, ஒரு ஒத்தாசை பண்ணோணுங்க."

"சொல்லு அம்மிணி."

"என்ற பொண்ணு சரசு இருக்கறாளே... அவளும் மாப்பிள்ளையும் சொந்தமாக் கம்பெனி போடறாங்களாமா. ஒரே பிடிவாதமுங்க. நாளைக்கு உங்ககிட்டக் கூட்டியாறேன். வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. நீங்க சொன்னாக் கேப்பாளுங்க."

"ஏன் அம்மிணி வேண்டாம்ங்கறே?"

"எங்களுக்கு அதெல்லாம் ஆகாதுங்கண்ணா," என்றாள் மிகச் சாதாரணமாக. "அன்னைக்கு நீங்க சொன்னீங்க பாருங்க... அதைக் கேட்டதுனாலதான் நகை நட்டு மிஞ்சுச்சு, இவளைக் கட்டிக் குடுக்க முடிஞ்சுது. நீங்க தடுக்காம இருந்திருந்தா நடுத்தெருவுல நின்னிருப்போமுங்க. அதைச் சரசு அப்பா சாகற வரைக்கும் சொல்லிட்டே இருந்தாரு."

கேட்டீர்களா?

நான் சொன்ன பொய்யை அவர்கள் வெறுமனே நம்பவில்லை. அதன்மேல் ஒரு வாழ்க்கையையே கட்டியிருந்தார்கள்! தங்களுக்கு ஆகாது என்ற ஒரு வார்த்தையைப் புருஷனும் பெண்சாதியும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு, அதற்காக எனக்கு நன்றியும் செலுத்திக்கொண்டு... இப்போது அதே வார்த்தையை மகளுக்கும் வாங்கிக் கொடுக்க என்னிடமே வந்து நிற்கிறாள்!

மறுநாள் தாயும் மகளும் வந்தார்கள். சரசுவைப் பார்த்தேன். தலையெல்லாம் கட்டியோடு அன்று அம்மா இடுப்பில் இருந்த குழந்தை இப்போது நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு என் கண்ணைப் பார்த்துப் பேசினாள். அவள் கணவன் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவன்; வேலையை விட்டுவிட்டு வருவதாக இருக்கிறானாம். பெரிய பெண் குழந்தைகளுக்கு உள்பாடி தைக்கப் போகிறார்களாம். எங்கே துணி, எங்கே வெளுப்பது, யார் வாங்குவார்கள் என்று எல்லாம் விசாரித்து வைத்திருந்தாள்.

பக்கத்தில் தெய்வாத்தாள். சொல்லுங்கள் என்று என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள்.

"ஆரம்பி கண்ணு," என்றேன். "ஓடும்."

சொல்லிவிட்டு நிறுத்தவில்லை. தெரிந்ததை எல்லாம் சொன்னேன். முதலில் ஒரே ஒரு ரகத்தை எடுத்துக்கொள். அது கையில் படிந்தபிறகு அடுத்தது. வெட்டுவதற்கு முன் ஒரு துண்டைத் துவைத்துக் காயவைத்துப் பார். எத்தனை சுருங்குகிறதென்று தெரியாமல் கத்தரியை எடுக்காதே. வெளுக்கிற இடத்துக்கு ஆளை அனுப்பாதே, நீயே போய் நில். சனிக்கிழமைக் கூலியைக் கொடுத்துவிட்டு அப்புறம் உன் வீட்டு அடுப்பைப் பார். ஒரு சரக்கு கெட்டுத் திரும்பி வந்தால் வாதாடாமல் வாங்கிக்கொள். அந்த வியாபாரி அப்புறம் உன்னை விட்டுப் போகமாட்டான். பயம் இருக்கும். எனக்கு இன்றைக்கும் இருக்கிறது. பயம் போகட்டும் என்று காத்திருந்தால் தொழில் தொடங்கவே முடியாது. முதல் வருஷம் மனசு விட்டுப்போகிற நாள் வரும். அன்றைக்கும் மெஷினைத் துடைத்து எண்ணெய் போட்டுவிட்டுத் தூங்கு...

சரசுவின் கண்கள் பளபளத்தன. என் குரலும் ஓங்கியிருந்தது. ஏதோ ஒரு கடனைத் தீர்த்துக்கொண்டிருப்பதாக எனக்கு நினைப்பு! உள்ளுக்குள் லேசாகிக்கொண்டே வந்தேன்.

அப்போதுதான் தெய்வாத்தாள் கேட்டாள்.

"அப்ப எங்களுக்கு மட்டும் ஏனுங்க வேண்டாம்னீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள். "எங்களுக்கு ஆகாததுன்னா இவளுக்கு மட்டும் எப்பிடீங்க ஆகும்? நாங்க பெத்த புள்ளைதானுங்களே..."

அதைவிட நல்ல சமயம் எனக்கு இனி எந்த ஜன்மத்தில் வாய்க்கும்? அவளே கேட்டுவிட்டாள். மூன்று பேர் மட்டும் இருந்த அறை. அவள் மகளின் முன்னால், 'அம்மிணி, நான் உங்களுக்குப் பொய் சொன்னேன். உன் சரக்கு ஓடுமென்று எனக்குத் தெரியும். உனக்குத் தொழில் ஆகும் என்பதும் தெரியும். உன் புருஷனை விட மனமில்லாமல் சொன்னேன்' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது.

"அப்பக் காலம் வேற அம்மிணி," என்றேன்.

மூன்றாவது பொய்!

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மேஜையைப் பார்த்தேன். பேனாவை எடுத்தேன், மூடியைக் கழற்றினேன், மறுபடி மூடினேன். அவள் அதையும் பார்த்தாள். மெல்ல மெல்ல அவள் முகத்தில் ஏதோ வடிந்து போவதைக் கடைக்கண்ணால் கண்டேன். பாலக்காட்டு மாடல், பக்கத்து வீதி மெஷின்கள், நான் அன்று பேசிய கனிவான பேச்சு... ஒவ்வொன்றாக அவள் எடுத்துப் பார்த்துக் கீழே வைப்பதுபோல் இருந்தது. அவளுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

"காலம் வேறைங்களா..." என்றாள். நான் வரவழைத்த காப்பி அப்படியே ஆறிக்கிடந்தது. "எந்திரி கண்ணு, போலாம்," என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் சரசு என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் முதல் தெய்வாத்தாள் வேலைக்கு வரவில்லை.

சரசுவின் கம்பெனி நடக்கிறது. தடுமாறித் தடுமாறித்தான் நடக்கிறது; ஆனாலும் நடக்கிறது. அம்மாதான் வெட்டிய துணியை எல்லாம் சரிபார்க்கிறாளாம். போன மாதம் சரசு புதிதாகத் தைத்த ஒன்றைக் கொண்டுவந்து காட்டி, "எப்பிடி இருக்குதுங்க மாமா?" என்று கேட்டாள். அம்மா அவளிடம் எதையும் சொல்லவில்லை என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன். ஏன் சொல்லவில்லை? எனக்காகவா? மகளின் தொழிலுக்கு நான் தேவைப்படுவேன் என்றா? அல்லது, செத்துப்போன புருஷன் கடைசிவரை நம்பியது பொய் என்று வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லையா? எனக்குத் தெரியாது. கேட்கும் யோக்கியதையும் கிடையாது.

தெருவில் எதிர்ப்பட்டால் ஒதுங்கி நின்று, "நல்லா இருக்கறீங்களா?" என்பாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அண்ணா என்று மட்டும் கூப்பிடுவதில்லை.

நீங்கள் தொழில் தொடங்கப்போகிறீர்கள். யாரிடமாவது யோசனை கேட்பீர்கள், கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஒன்று செய்யுங்கள். 'வேண்டாம்' என்று ஒருவன் சொன்னால், நீங்கள் ஜெயித்தால் அவனுக்கு என்ன போகும் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். உங்கள் சரக்கைக் குறை சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள். உங்களையே குறை சொன்னால், எழுந்து வந்துவிடுங்கள். அவன் எத்தனை கனிவாகச் சொன்னாலும் சரி...

நான் சொல்வதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இதை எழுதியதால் மனம் ஆறிவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. முகம் தெரியாத உங்களிடம் சொல்வதில் எனக்கு என்ன சிரமம்? சரசுவின் கம்பெனி என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். மெஷின் நின்றிருக்கும் மத்தியான வேளையில் தெய்வாத்தாள் வாசலில் தனியாகத்தான் உட்கார்ந்திருக்கிறாள். எழுந்து போய்ச் சொல்லிவிட்டு வர எத்தனை நேரமாகும்?

தினமும் சட்டையை மாட்டுகிறேன். செருப்பையும் போடுகிறேன். தெருமுனைவரை போகிறேன்...

இன்றைக்கும் திரும்பி வந்துவிட்டேன்.